ஒன்றில், ஏழில், பதினொன்றில்

கொடைக்கானல்
8-2-1987

அன்புள்ள அண்ணனுக்கு வள்ளி எழுதுவது.

அம்மாவுக்கு முழங்கால் வலி தவிர இங்கே வேறு குறையில்லை. அப்பா கிளாவரையில் பூண்டுக் காட்டு வேலையில் இருக்கிறார், மாதம் ஒருமுறைதான் வருகிறார். நீ எப்படி இருக்கிறாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் "நல்லா இருக்கேன்" என்றுதான் எழுதுவாய். எண்பத்து மூன்றில் கடை எரிந்தபோதும் அப்படித்தான் எழுதினாய்.

ஒன்று கேட்கப்போகிறேன், சிரிக்காதே. எனக்கு ஒரு தாளப் பெட்டி வேண்டும்.

நான் துணி வெளுக்கும் பள்ளிக்கூடத்தில் ரேச்சல் என்று ஓர் அமெரிக்கப் பிள்ளை விடுதியில் தங்கிப் படிக்கிறது. அதன் ஜீன்ஸ் பையில் கிடந்த கேசட் ஒன்றைத் தண்ணீரில் போடாமல் காப்பாற்றினேன். இஸ்திரி அறையில் உள்ள டேப் ரெக்கார்டரில் போட்டுப் பார்த்தால் பாட்டே இல்லை, அண்ணா. ஒருத்தன் மூச்சு விடாமல் பேசுகிறான். யாரையோ திட்டுகிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அவன் பேச்சுக்கு அடியில் ஒரு தாளம் ஓடுகிறது பார், இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நின்றுவிட்டேன். ஒரு தலையணை உறை கருகிப்போனது. ரேச்சல் அதற்கு ஹிப் ஹாப் என்று பேர் சொன்னது. அடியில் ஓடுவது பீட். அதை ஆள் அடிப்பதில்லையாம், பெட்டியில் செய்வதாம். அதைச் செய்பவன் பாடவும் வேண்டாம், மேடை ஏறவும் வேண்டாம். எனக்கு அது போதும். எனக்கும் செய்ய வேண்டும்.

இந்த ஊரில் அந்தப் பெட்டி கிடையாது. மதுரையிலும் இல்லை என்கிறார்கள். உன் கடையில் ஜப்பான் சாமான் குவிந்து கிடக்கிறதே, எது வாங்கலாம் என்று நீதான் சொல்ல வேண்டும்.

வாங்கினால் பார்சலில் அனுப்பாதே, உன் கையால் கொண்டு வா. நம் நாலு பேரில் உன்னை மட்டும் சிலோன் குடிமகனாக்கி நிறுத்திவிட்டு நாங்கள் கப்பல் ஏறி ஒன்பது வருஷம் ஆகிறது. பாஸ்போர்ட்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டு வரமாட்டேன் என்றால் எப்படி?

வள்ளி


கொழும்பு
1-3-1987

அன்புத் தங்கச்சிக்கு,

சிரித்தேன். நீ சிரிக்காதே என்றால் யாரால் சும்மா இருக்க முடியும்? முதலாளி எட்டிப்பார்த்து, "என்னடா தனியாச் சிரிக்கிறாய், லவ் லெட்டரா?" என்றார். விஷயத்தைச் சொன்னதும் அவரும் சிரித்துவிட்டு அலமாரியைத் திறந்துவிட்டார்.

கடையில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்றில் ரம்பா, வால்ட்ஸ் என்று பொத்தானுக்குப் பொத்தான் பேர் எழுதியிருக்கும். தட்டிவிட்டால் அதுவே அடித்துக்கொள்ளும். ஹோட்டலில் ஆர்கன் வாசிப்பவர்கள் வாங்குவது. பார்க்க அழகு, உனக்கு ஆகாது. அதில் உன் தாளம் எதையும் போட முடியாது.

மற்றது காலிப் பெட்டி. ஒரே வரிசையில் பதினாறு சின்னப் பொத்தான், வேறொன்றும் இல்லை. ஒரு சத்தத்தைத் தேர்ந்துகொண்டு எந்தெந்த எண்ணில் அது விழ வேண்டுமோ அந்தப் பொத்தானை அமுக்க வேண்டும். பதினாறு முடிந்ததும் மறுபடி ஒன்றுக்கு வந்துவிடும். பேட்டரியில் ஓடும், உங்கள் வீட்டில் கரண்டு இல்லாததற்கு அது தோது. ஒரு பேண்ட்காரர் விற்றுவிட்டுப் போன பழைய பெட்டி ஒன்று இருக்கிறது. அதுதான் உனக்கு.

பெட்டி வரட்டும் என்று சும்மா இருக்காதே. ரேச்சலிடம் இரட்டை கேசட் டேப் ரெக்கார்டர் இருந்தால் பாஸ் பொத்தானை வைத்தே தொடங்கலாம். பிடித்த துண்டை ஒரு பக்கம் ஓடவிட்டு மறுபக்கம் பதிவு செய். துண்டு முடியும் இடத்தில் பாஸை அமுக்கு, பின்னால் ஓட்டு, சரியான இடத்தில் விடு. அப்படியே திரும்பத் திரும்ப ஒட்டிக்கொண்டே போ. விரல் ஒரு மயிரிழை பிந்தினால் தாளம் நொண்டும். ஸ்பீக்கர் பெரிதாக இருக்கட்டும், அடிச்சத்தம் சின்ன ஸ்பீக்கரில் செத்துப்போகும்.

உனக்கு வேண்டிய தாளத்தை எண் போட்டு எழுது, அமுக்கிப் பார்க்கிறேன். சத்தங்களுக்கு இங்கிலீஷ் பேர் வேண்டாம். பெரிய சத்தத்தைக் குண்டு என்று வைத்துக்கொள்வோம். தேயிலைத் தோட்டத்தில், நம் லயத்து வரிசை வீடுகளில், மூன்றாம் காம்பராக் குண்டுப் பெரியம்மா நடந்தால் பலகை அதிருமே, அதேதான். பளீர் என்பது சட்டி. கிசுகிசுப்பது சில்லு.

வருவதைப் பற்றி மட்டும் கேட்காதே. இங்கே நான் மெக்கானிக். அங்கே வந்தால் சிலோன்காரன், பூண்டு பிடுங்குகிறவன்.

பழனிமுத்து


கொடைக்கானல்
20-3-1987

அண்ணா,

பத்து நாளாக வேறு நினைப்பே இல்லை. துணி தோய்க்கும்போதும் பதினாறு எண்ணுகிறேன். என்னோடு வேலை செய்யும் அடைக்கலமேரி அக்கா, "ஏ புள்ள, என்னத்தக் கெடந்து முணுமுணுக்க? செபமாலையா? சோலியப் பாரு, மழ வருது" என்கிறாள்.

தாளத்தைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன், சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போ. எதன் தாளம் என்று சொல்லமாட்டேன். கேட்டதும் உனக்கே தெரியும்.

வள்ளி

குண்டு: ஒன்றில், ஏழில், பதினொன்றில்.
சட்டி: ஐந்தில், பதின்மூன்றில்.
சில்லு: ஒற்றைப்படை எல்லாவற்றிலும்.
நாலு தடவை விடாமல் வை. அவசரப்படாதே. சரியாக வைத்தால் ஜனம் எழுந்து ஓடும்.


கொழும்பு
9-4-1987

வள்ளிக்கு,

கேட்டதும் தெரிந்தது. இரண்டு தடவை ஓடவிட்டு நிறுத்திவிட்டேன்.

உலகத்தில் வேறு தாளமே கிடைக்கவில்லையா உனக்கு? பெரட்டுக்கு ஆள் கூட்டுகிற தப்பு மேளத்தைத்தானா எடுக்க வேண்டும்? விடியுமுன் அப்பா அதை அடிப்பார், லயம் முழுக்கப் பதறி எழும்பும். அம்மா வாரிய தலையைப் பாதியில் முடிந்துகொண்டு ஓடுவாள். பிந்தினால் கங்காணி பேரை அடித்துவிடுவான், அன்றைக்குச் சம்பளம் இல்லை. ஜனத்தை எழுப்பி ஓட வைக்கிற வேலையை நம் அப்பன் செய்தான், அதற்காக நம் வீட்டைத்தான் எல்லாரும் ஏசினார்கள். நீ சின்னப் பிள்ளை, உனக்கு அது சங்கீதம். எனக்கு அது ஏச்சு.

பெட்டி நல்ல பெட்டி, ஒரு பொத்தான் கூடப் பழுதில்லை. உனக்காக எடுத்து வைத்திருக்கிறேன். ஆனால் இந்தத் தாளத்தை நான் மறுபடி அமுக்கமாட்டேன். வேறு எழுது.

பழனிமுத்து


கொடைக்கானல்
27-4-1987

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதம் வந்த மறுநாள் ரேடியோவில் கொழும்புச் செய்தி கேட்டோம். பஸ் நிலையத்தில் எத்தனை பேர் செத்தார்கள் என்று சொன்னதும் அம்மா அரிசி களைந்த சட்டியை அப்படியே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். நீ அந்தப் பக்கம்தானே கடைக்குப் போவாய்? இரண்டு வரி போதும். ஒரு வரி கூடப் போதும்.

நீ ஏசியதற்குப் பதில் சொல்லத்தான் வேண்டும். எனக்கு அது சங்கீதம் இல்லை. அது கேட்டால் படுத்திருக்க முடியாது, உடம்பு தானாக எழும்பிவிடும், அவ்வளவுதான். ரேச்சலின் கேசட்டில் நான் கேட்டதும் அதைத்தான். கங்காணிக்காக எழும்பியவர்களைச் சும்மா ஆடுவதற்கு எழுப்பினால் என்ன குற்றம்? இதைக் கோபத்தோடு எழுதவில்லை. கோபப்பட இப்போது தெம்பில்லை.

பெட்டி வேண்டாம் அண்ணா. நீ வா.

வள்ளி


கொடைக்கானல்
18-5-1987

அண்ணா,

மூன்று வாரமாகக் கடிதம் இல்லை. தினமும் தபால் ஆபீஸ் போய் நிற்கிறேன்.

முந்தாநாள் சோப்புக்கட்டி சுற்றி வந்த பேப்பரை அடைக்கலமேரி அக்கா எழுத்துக் கூட்டிப் படித்தாள். தலைப்பில் ஒரு சொல். நாம் இரண்டு பேரும் பெரிய சத்தத்துக்கு வைத்த பேர். அதை அவள் வாயால் கேட்டதும் பேப்பரைப் பிடுங்கி நானே படித்தேன். இத்தனை நாளும் எனக்கு அந்தச் சொல் என்றால் மூன்றாம் காம்பராப் பெரியம்மா மட்டும்தான். வேறு அர்த்தம் தெரியாதவள் இல்லையே நான்! தெரிந்தும் எழுதும்போது அது புத்தியில் ஏறவே இல்லை.

அந்தச் சொல்லை இதில் எழுதவில்லை. அந்தத் தாளைக் கிழித்துப் போடு. பையில் வைக்கச் சொன்னவள் நான்தானே. உடனே கிழித்துப் போடு.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. அம்மாவிடம் சொல்லவே மாட்டேன்.

வள்ளி


கொழும்பு
2-6-1987

அன்புத் தங்கச்சிக்கு,

இதைத் தபாலில் போடவில்லை. முதலாளியின் மச்சான் திருச்சிக்கு வருகிறார், அவர் கையில் கொடுக்கிறேன். நீயும் இனித் தபாலில் எழுதாதே. உன் கடைசிக் கடிதம் நல்லவேளை முதலாளி கையில் கிடைத்தது, படித்துவிட்டு அடுப்பில் போட்டுவிட்டார். "அந்தச் சொல்", "அந்தத் தாளைக் கிழி" என்றெல்லாம் எழுதினால் அது முதல் கடிதத்தைவிடப் பொல்லாதது, பைத்தியமே.

பயந்தது போலத்தான் நடந்தது. ஏப்ரல் கடைசியில் போலீஸ்காரர்கள் வழிமறித்துச் சோதித்தார்கள். சட்டைப்பையில் உன் தாள் இருந்தது. தமிழ் தெரிந்தவர் ஒருவரைக் கூட்டி வந்து வாசிக்கச் சொன்னார்கள். அவர் வாசிக்க வாசிக்க எனக்கே அது வேறு மாதிரிக் கேட்டது. ஒன்றில், ஏழில், பதினொன்றில். நாலு தடவை விடாமல் வை. ஜனம் எழுந்து ஓடும். அந்த இடத்தில் நான் இருந்தாலும் நம்பியிருக்கமாட்டேன்.

இருபத்து மூன்று நாள் உள்ளே இருந்தேன். அடித்தார்களா என்று கேட்காதே. எந்த பஸ், எந்தத் தெரு, ஏழு மணியா, ஏழாம் நம்பரா என்று ஒரே கேள்விதான். தாளம் என்றேன், சிரித்தார்கள். பிறகு முதலாளி பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அங்கே அதிகாரியாக இருந்த பெரியவரின் மேசைமேல் வைத்து என்னை அமுக்கச் சொன்னார்கள். விரல் இரண்டு தடவை தப்பான பொத்தானில் பட்டது. மறுபடி அமுக்கமாட்டேன் என்று உனக்கு வீறாப்பாக எழுதிய தாளம்தான், ஓடியது.

வாசலில் நின்ற போலீஸ்காரர் ஒருவர் உள்ளே வந்தார். ஹட்டன் பக்கத்து ஆள், சிங்களவர். தோட்டத்தில் விடியற்காலை அடிக்கிற தப்பு இது, சின்ன வயதில் தினமும் கேட்டிருக்கிறேன் என்று பெரியவரிடம் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனால் அவர் நல்ல காதுக்காரர். "ஒரு அடி மட்டும் பிசகு. பத்தில் விழ வேண்டும், இதில் பதினொன்றில் விழுகிறது" என்றார். பெரியவர் பேனாவை எடுத்து அந்தப் பதினொன்றைச் சுற்றி வட்டம் போட்டார். மற்றதெல்லாம் தாளம் என்றால் பதினொன்றில் இருப்பது என்ன என்று கேட்டார்.

முதலாளி கையெழுத்துப் போட்டு என்னை வெளியே கூட்டி வந்தார். திங்கள்கிழமைதோறும் ஸ்டேஷனில் போய் நிற்க வேண்டும். பாஸ்போர்ட்டும் பெட்டியும் அவர்களிடம். உன் தங்கச்சி இப்படி ஒரு சங்கீதம் செய்கிறாள் என்றால் அவள் செய்ததைக் கேட்க வேண்டும், ஜூலை முதல் வாரத்துக்குள் கொண்டு வா என்று கெடு வைத்திருக்கிறார்கள். தாளில் எழுதியது போலவே இருக்க வேண்டும். பதினொன்றும் அங்கேயே இருக்க வேண்டும். மாறினால் பொய் என்பார்கள், அப்புறம் முதலாளியும் மாட்டுவார்.

உன்னிடம் பெட்டி இல்லை என்று எனக்குத் தெரியும். என்ன செய்வாய் என்று தெரியவில்லை. செய்.

பழனிமுத்து


கொடைக்கானல்
21-6-1987

அண்ணா,

கேசட் இதோடு வருகிறது. திருச்சியில் அந்த மச்சான் கையில் அப்பாவே நேரில் கொண்டுபோய்க் கொடுக்கிறார். ரேச்சலின் பாட்டு டீச்சர் இங்கிலீஷில் ஒரு கடிதமும், பள்ளிக்கூட முத்திரை வைத்து, எழுதித் தந்திருக்கிறார். அதைத் தனியாக வை, மடிக்காதே.

பதினொன்று என் பிசகு. கட்டம் போட்ட நோட்டில் எழுதும்போது ஒரு கட்டம் தள்ளிப் புள்ளி வைத்துவிட்டேன், வேறொன்றும் இல்லை. ஒரு கட்டம் அண்ணா. ஒரு கட்டத்துக்கு இருபத்து மூன்று நாள். இதை எழுதும்போதும் என் கையை வெட்டிப் போடலாம் போலிருக்கிறது.

செய்த விதத்தைச் சொல்கிறேன், அவர்கள் கேட்டால் நீ விவரமாகச் சொல்ல வேண்டும். குண்டுக்கு வெந்நீர் பாய்லரின் காலித் தொட்டி, உள்ளே நனைந்த கம்பளி போட்டுத் துணி சுற்றிய கட்டையால் அடித்தது. சட்டிக்கு ஈரப் படுக்கை விரிப்பைக் கல்லில் அறைந்தது. அந்தக் கல்லில் ஒன்பது வருஷமாக அறைகிறேன், அதற்கு இப்படி ஒரு சத்தம் உண்டென்று இப்போதுதான் தெரிந்தது. சில்லுக்குத் தீப்பெட்டி. அடைக்கலமேரி அக்கா சில்லு, நான் மற்ற இரண்டும்.

முதலில் அப்பாவைத்தான் அடிக்கச் சொன்னேன். விஷயம் சொன்னதும் கிளாவரையிலிருந்து காய்கறி லாரியில் ஏறி ஓடி வந்திருந்தார். உட்கார்ந்து அடித்தார். பத்தில் விழுந்தது. "பதினொண்ணுப்பா" என்றேன். மறுபடி பத்தில். இருபது தடவை இருக்கும். கடைசியில் கட்டையைக் கீழே போட்டுவிட்டு, "முப்பது வருசம் அடிச்ச கை ஆத்தா, பிந்த மாட்டேங்குது. பிந்துனா தொர ஏசுவானே" என்று அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை.

அப்புறம் நானே அடித்தேன். எனக்கும் கை பத்துக்குத்தான் போகிறது. பத்தில் மூச்சை இழுத்துப் பிடித்து, பதினொன்றில் விட்டு, அப்படி ஒரு நாள் முழுக்கப் பழகினேன். சரியாக வந்த ஒரே ஒரு சுற்றைப் பிடித்து ரேச்சலின் இரட்டை ரெக்கார்டரில் பாஸ் அமுக்கி அமுக்கி மூன்று நிமிஷத்துக்கு ஒட்டியிருக்கிறேன். நடுவில் இரண்டு இடத்தில் நொண்டும். அது பாஸ் பொத்தானின் நொண்டல், தாளத்தினுடையது அல்ல. அதையும் அவர்களிடம் சொல்லிவிடு. எதையும் சொல்லாமல் விடாதே.

ஓடவிட்டுக் கேட்டபோது எனக்கு ஒன்று தோன்றியது, இந்த நேரத்தில் அதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. பத்தில் விழுந்தால் அது பெரட்டு. பதினொன்றில் அந்தச் சின்னப் பிந்தலுக்குப் பிறகு விழும்போது யாருக்கும் பயப்படாத ஆள் நடந்து வருவது போல இருக்கிறது. ரேச்சல் எழுந்து ஆடியது. நான் பாய்லர் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வெரசா பதில் கொடு. அம்மாவுக்கும் இப்போது தெரியும்.

வள்ளி


கொழும்பு
12-7-1987

அன்புத் தங்கச்சிக்கு,

போட்டுக் கேட்டார்கள். மூன்று நிமிஷமும் முழுதாக ஓடியது. பெரியவர் உன் தாளை முன்னால் வைத்து ஒவ்வோர் அடிக்கும் பென்சிலால் தட்டிக்கொண்டே வந்தார். பதினொன்று வரும்போதெல்லாம் நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒரு சுற்றில்கூட நீ பத்தில் விழவில்லை. நொண்டிய இரண்டு இடத்திலும் அவர் தலை நிமிர்ந்தது, நீ சொல்லச் சொன்னதைச் சொன்னேன்.

முடிந்ததும், அப்படியானால் பதினொன்றில் இருப்பது என்ன என்று கடைசியாக ஒருமுறை கேட்டார். எனக்குச் சிங்களம் பேச வரும், ஆனால் பயத்தில் தமிழ்தான் வந்தது. "அது என் தங்கச்சியோட தப்பு, ஐயா" என்றேன். சொன்ன பிறகுதான் திடுக்கென்றது. வாக்குமூலம் எழுதிக்கொண்டிருந்த அந்தத் தமிழ் தெரிந்தவர் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். தப்பு என்றால் பிழையா, மேளமா, குற்றமா என்று அவர் கேட்கவில்லை. நான் சொல்லவும் பயந்தேன். கொஞ்சம் யோசித்துவிட்டு ஏதோ ஒன்றை எழுதினார். சிங்களம் எனக்குப் படிக்க வராது. அதன் கீழே கையெழுத்துப் போட்டேன்.

பாஸ்போர்ட்டைத் தந்துவிட்டார்கள். இனித் திங்கள்கிழமை வர வேண்டாம் என்றார்கள். முதலாளியின் பேரையும் அடித்துவிட்டார்கள், அதை என் கண்ணால் பார்த்தேன். கேசட்டும் பெட்டியும் கோப்போடு இருக்குமாம். நான் கேட்கவில்லை.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றேன். அந்த வாக்குமூலத்தில் என்ன எழுதியிருக்கும் என்பதுதான் மனசில் ஓடிக்கொண்டே இருந்தது. எந்தச் சொல்லை எழுதினார் என்று ஒரு நாள் யாராவது எடுத்துப் படிப்பார்கள். அந்த நாளில் நான் இங்கே இருக்கக் கூடாது. ஒன்பது வருஷம் நீ வாய் வலிக்கக் கூப்பிட்டும் வராதவன் இப்போது வெட்கமில்லாமல் எழுதுகிறேன், எனக்குப் பயமாக இருக்கிறது வள்ளி.

முதலாளி விசாவுக்கு ஆள் பார்த்துவிட்டார். வருகிற சனிக்கிழமை திருச்சிக்குப் பிளேன், ஞாயிறு மத்தியானம் கொடைக்கானல் பஸ். கையில் ஒரு பை மட்டும்தான்.

பஸ் ஸ்டாண்டுக்கு யாரும் வர வேண்டாம், வழி கேட்டு நானே வந்துவிடுவேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். வேண்டாம். வாருங்கள். அம்மாவையும் எப்படியாவது கூட்டிக்கொண்டு எல்லாரும் வாருங்கள்.

பழனிமுத்து